ஹலால் மட்டும் போதுமா?

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



உணவகத்தில் நுழைந்ததும் நாம் முதலில் கேட்பது, "இறைச்சி ஹலாலா?" என்பதே. அவ்வினா அவசியமானது. ஆயினும் அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 168ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா 'ஹலால்' என்னும் சொல்லோடு 'தய்யிப்' என்னும் சொல்லையும் இணைத்தே அருளியுள்ளான். தூய்மையானது, நலம் தருவது என்பது அதன் கருத்து. பிள்ளைகளின் உணவு விஷயத்தில் இந்த இரண்டாம் வினாவை நாம் கேட்பதே இல்லை.

செங்கல்பட்டுக் கடைவீதியிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், மாலையானதும் ஷவர்மா, பொரித்த கோழிக் கடைகளில் நம் பிள்ளைகளைக் காண்கிறோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயது மாணவி உயிரிழந்த செய்தியை மறந்துவிட்டோமா? பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் உடல்நலம் கருதியே. அறுப்பு முறை சரியாக இருப்பதால் மட்டும், வேகாத இறைச்சியிலுள்ள கிருமி மடிந்துவிடாது.

உடனே தெரியாத கேடும் உண்டு. 300 மில்லி கோலா பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுடையோரில் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர். 28 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை இமாம் திர்மிதி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ரமளானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சி எளிய, சத்தான உணவு. கஞ்சி குடித்த பிள்ளை தராவீஹ் முடிந்ததும் பொரித்த கோழிக்கும் கோலாவுக்கும் ஓடினால் நோன்பு தந்த கட்டுப்பாடு என்னாவது? நம் கடற்கரையில் நெத்தியும் மத்தியும் கிடைக்கின்றன. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எட்டாத விலையில் இல்லை.

உணவுக்கடை நடத்தும் சகோதரர்களே! இறைச்சியை முழுமையாக வேகவையுங்கள். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை மாணவர்களுக்கு விற்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதை மீறி வரும் இலாபத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

பெற்றோர்களே! காசைக் கையில் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. இரவு உணவைப் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ணுங்கள். வலீமா விருந்தில் குளிர்பானத்திற்குப் பதில் மோர் வையுங்கள்.

இளைஞர்களே! உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றிய விசாரணை மறுமையில் உண்டு.

ஹலாலையும் தய்யிபையும் சேர்த்தே பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.