வேலையற்ற வேளையின் மின்செலவு

ஒருவன் பேசும்பொழுது மூச்சுச் செலவாதல் இயல்பே. பேசுதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும், "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று இரவு பகலாக அவன் கூவிக்கொண்டிருப்பானாயின், அவனை அறிவுடையோன் என எவரும் கொள்ளார். கணினியைக் கம்பிவழியே பிற கணினிகளோடு இணைக்கும் வலையமைப்பு அட்டை நெடுங்காலம் இத்தகைய கூவலையே தொழிலாகக் கொண்டிருந்தது. அதன் காரணத்தையும், அதனை அடக்குதற்குக் கண்ட வழியையும் நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஈதர்நெற் எனப்படும் இணைப்புமுறை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, சீறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்ரோ ஆய்வுகூடத்தில், றொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் ஆகியோரின் முயற்சியால் உருப்பெறத் தொடங்கியது. பின்னர் முறுக்கிய சோடிக் கம்பிகளில், செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகத்தில் இயங்கிய அட்டைகள், அனுப்பச் செய்தியில்லாதபோது பெரும்பாலும் வாளாவிருந்தன. ஏறத்தாழ 16 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஒரு சிறு துடிப்பை மட்டும் விடுத்து, இணைப்பு அறுபடவில்லை என்பதை உணர்த்தின.

வேகம் 100 மெகாபிற்றாகவும், 1999ஆம் ஆண்டின் நியமத்தால் 1,000 மெகாபிற்றாகவும் உயர்ந்தபோது நிலைமை மாறிற்று. ஆயிரம் மெகாபிற்று இணைப்பில் நான்கு சோடிக் கம்பிகளிலும் இருதிசையிலும் ஒரே வேளையிற் சைகைகள் செல்கின்றன. தான் அனுப்பிய சைகையின் எதிரொலியைக் கழித்து, மறுமுனையின் சைகையைப் பிரித்தறிதல் அட்டையின் கடன். இருமுனைகளின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு குலையாதிருக்கவே, செய்தி இல்லாத வேளையிலும் வெற்றுக் குறியீடுகள் இடையறாது அனுப்பப்பட்டன. ஆகவே, வேலை செய்யும் அட்டைக்கும் வேலையற்ற அட்டைக்கும் மின்செலவில் வேற்றுமை சிறிதே ஆயிற்று.

செய்தி குறைந்தவேளை இணைப்பின் வேகத்தைக் குறைக்கலாம் என்பது முதலில் எண்ணப்பட்ட வழிகளுள் ஒன்று. தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் கெனத் கிறிஸ்ரென்சன், லோறன்ஸ் பேக்கிலி ஆய்வுகூடத்தின் புறூஸ் நோட்மன் ஆகியோர் இதனை வற்புறுத்தினர். ஆயின் ஒரு வேகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறக் காலம் செல்லும். ஈற்றில் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 802.3 ஏஇசட் என்னும் நியமம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. வேகத்தைக் குறையாது, செய்தி முடிந்தவுடன் அட்டையை உறங்கவிடுதலே அவ்வழி. உறங்கும் அட்டை 20 மில்லிசெக்கன் அளவுக்கு ஒருமுறை சிறிதுநேரம் சைகை விடுத்து ஒழுங்கைப் புதுப்பிக்கிறது. ஆயிரம் மெகாபிற்று இணைப்பில் அது விழித்தெழச் செல்லும் காலம் ஏறத்தாழ 17 மைக்ரோ செக்கன் மட்டுமே.

எனினும் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. உறங்கச் செல்வதற்கும் விழிப்பதற்குமாக ஏறத்தாழ 200 மைக்ரோ செக்கன் கழிகிறது. மிகச்சிறிய செய்திப் பொதி ஒன்றை அனுப்ப ஒரு மைக்ரோ செக்கன்கூட வேண்டியதில்லை. பொதிகள் ஒவ்வொன்றாக இடைவிட்டு வருமாயின், உறக்கத்தின் பயன் பெரிதும் வீணாகும். ஒவ்வொரு பயணிக்கும் ஒவ்வொரு பேருந்து விடாது, சிலர் சேருமட்டும் காத்திருந்து புறப்படுவதுபோல, பொதிகளைச் சேர்த்தனுப்புதல் இதற்குப் பரிகாரம். அதனாற் சிறு தாமதம் நேரும். விரைவைப் பெரிதாக மதிக்கும் இடங்களில் இவ்வசதியை நிறுத்திவிடுவதும் உண்டு. மேலும், அட்டை, மறுமுனையிலுள்ள வலையமைப்பு ஆளி ஆகிய இரண்டும் இந்நியமத்தை ஏற்றிருந்தாலன்றி உறக்கம் கைகூடாது.

ஓர் உவாற்று மின்வலு ஆண்டு முழுவதும் செலவானால் 8.76 அலகு ஆகும். ஒரு வீட்டுக்கு இது அற்பமே. ஆயின் ஓய்வாயிருக்கையில் 50 உவாற்றுக் கொள்ளும் கணினியொன்றை, வலையமைப்பில் தொடர்பு அறக்கூடாதென்று ஆண்டு முழுவதும் விழித்திருக்க வைத்தால், செலவு 438 அலகாகும். பெரிய இழப்பு இதுவே. இதனைத் தடுக்க வல்லதும் அவ்வட்டையே. கணினி உறங்க, அட்டை மட்டும் காவலிருக்கும். தன் முகவரி பதினாறு முறை தொடர்ந்து எழுதப்பட்ட தனிப்பொதி வந்தால் மட்டுமே அது கணினியை எழுப்பும். வருகின்ற எளிய வினாக்களுக்குக் கணினியின் சார்பில் அட்டையே விடை பகரும் முறையும் 2010ஆம் ஆண்டில் நியமமாக வகுக்கப்பட்டது.

ஆகவே, அலுவலகத்திலோ பாடசாலையிலோ கணினிகளைப் பொறுப்பேற்றிருப்போர் செய்யத்தக்கவை இரண்டு. அட்டையினதும் ஆளியினதும் மின்சேமிப்பு வசதி இயங்குகிறதா என நோக்குதல் ஒன்று. மாலையிற் கதவைப் பூட்டுமுன் கணினிகள் உறங்க ஏற்பாடு செய்தல் மற்றொன்று. முன்னையது சில உவாற்றைக் காக்கும். பின்னையது பல மடங்கைக் காக்கும். சிறியதைச் செய்து பெரியதை மறத்தல் சிக்கனமாகாது.