பாட்டுக்கு எது சொந்த ஊர்?



நம் பெங்களூருவில் ஒரே தெருவில் கன்னடம் கேட்கிறது. தமிழ் கேட்கிறது. தெலுங்கும் உருதும் கேட்கின்றன. நம்மில் பலர் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள். "வெளியூர்க்காரருக்கு இங்கே என்ன உரிமை?" என்று சில நேரம் பேச்சு எழும். அதனால் இன்று திருவையாற்றின் கதையைச் சொல்கிறேன்.

திருவையாறு ஒரு சிறிய ஊர். தஞ்சாவூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே தியாகராஜர் என்ற பெரிய பாடகர் வாழ்ந்தார். 1767-ல் பிறந்தார். அவர் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அப்போது தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராத்தியர்கள். தமிழ் மண்ணில் இருந்துகொண்டு தியாகராஜர் தெலுங்கில் பாட்டுக் கட்டினார். தமிழ்ச் சீடர்கள் அவற்றைக் கற்றுப் பரப்பினார்கள். 1847-ல் அவர் காலமானார்.

காலம் ஓடியது. அவருடைய சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 1921-ல் இந்தச் செய்தி சென்னையில் இருந்த ஒரு பாடகிக்குக் கிடைத்தது. அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நாகரத்தினம்மாள் 1878-ல், மைசூருக்குப் பக்கத்தில் உள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தார். தேவதாசி குலத்துப் பெண். பெங்களூருவில் இசை கற்றார். பிறகு சென்னையில் குடியேறிப் பெரும் புகழ் பெற்றார்.

அவர் கச்சேரி பாடிச் சேர்த்த பணத்தைச் செலவு செய்தார். சமாதி இருந்த இடத்தில் கோயில் கட்டினார். கன்னட நாட்டுப் பெண், தெலுங்குப் பாடகருக்கு, தமிழ்நாட்டில் கட்டிய கோயில் அது!

ஆனால் ஆண்டுதோறும் அங்கே நடந்த இசை விழாவில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். கோயில் கட்டியவருக்கே பாட இடம் இல்லை. இது நியாயமா?

நாகரத்தினம்மாள் பயந்து ஓடவில்லை. பெண்களைத் திரட்டினார். தனியாக விழா நடத்தினார். பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார். 1940-ஐ ஒட்டி, பிரிந்திருந்த குழுக்கள் ஒன்று சேர்ந்தன. பெண்களும் அங்கே பாடத் தொடங்கினார்கள்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. தன் சொத்தைக் கோயிலுக்கு என்று உயில் எழுதினார். பெண்கள் அங்கே பாடும் உரிமையை அதில் எழுதி வைத்தார். வாய்ச் சொல்லை நாளைக்கு மறுக்கலாம். எழுத்தை மறுப்பது கடினம். எழுதப் படிக்கக் கற்ற நமக்கு இது நன்றாகப் புரியும்.

1952-ல் அவர் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு எதிரே, கை கூப்பிய அவர் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி ஆணும் பெண்ணும் அங்கே சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஒலிக்கும் வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். வந்தவர்கள் கொடுத்ததால் அந்த ஊரின் இசை வளர்ந்தது.

உங்கள் தெருவில் பாடத் தெரிந்தவர் யார்? அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர்? அவரிடம் ஒரு பாட்டைக் கேளுங்கள். அதை உங்கள் நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து படிப்போம், பாடுவோம்.