தாக்கிகளின் பூர்வீகம்



வைத்தியர் பேச எழுந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை. குதிரைகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மொங்கோலியப் புல்வெளிகளில் தாக்கி என்றொரு குதிரை வாழ்கிறது. குட்டையான உடல், நிமிர்ந்து நிற்கும் பிடரிமயிர். உலகில் எஞ்சிய ஒரே உண்மையான காட்டுக்குதிரை என்று நூல்கள் சொல்லிவந்தன. 1960களின் இறுதியில் அது தன் நிலத்தில் அற்றுப்போயிற்று. மிருகக்காட்சிச் சாலைகளில் எஞ்சியிருந்தவற்றின் சந்ததியே 1992 முதல் அங்கே திரும்ப விடப்பட்டது.

வட கஜகஸ்தானில் போத்தாய் என்னும் இடத்தில், ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர் குதிரைகளை நம்பி வாழ்ந்தனர். அங்கே கிடைத்த பழைய குதிரை எலும்புகளிலிருந்து ஆய்வாளர் டி.என்.ஏ. எடுத்தனர். இறந்த உடலில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதையும். குளிர்ந்த நிலத்தில் மட்டும் மெதுவாகச் சிதையும். அத்துண்டுகளை வாசித்து, கணினியில் அடுக்கி, இன்றைய குதிரைகளோடு ஒப்பிட்டனர். 2018இல் முடிவு வெளிவந்தது: தாக்கிகள் போத்தாய்க் குதிரைகளின் வழித்தோன்றல்கள். அப்படியானால் அவை மனிதர் வளர்த்து, பின்னர் கைவிட்டுப்போனவற்றின் பிள்ளைகள். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் வேறு. அதை 2021இல் வந்த ஆய்வு வொல்கா, தொன் நதிகளின் பக்கமாகக் காட்டியது.

போத்தாய் மக்கள் குதிரைகளை வளர்த்தார்களா, வேட்டையாடினார்களா என்ற வாதம் இன்னும் உண்டு. டி.என்.ஏ. உறவைச் சொல்லும், வாழ்ந்த விதத்தைச் சொல்லாது. அதற்குப் பற்களின் தேய்மானத்தையும் மட்பாண்டத்தில் ஊறிய பாற்கொழுப்பையும் கேட்கவேண்டும். நாங்களும் ஒரு இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை.

அப்படியென்றால் தாக்கியைக் காப்பாற்றியது வீண்வேலையா? இல்லவே இல்லை. அதன் பூர்வீகம் எதுவானாலும், அந்தக் குளிரிலும் புல்வெளியிலும் பிழைக்கத் தெரிந்த உயிர் அது. காக்கவேண்டியது அந்த உயிரைத்தான். நாம் ஒட்டிய பெயரை அல்ல.

நமது நெடுந்தீவுக் குதிரைகளை நினைத்துப்பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை என்கிறோம். அவையும் கட்டுத்தறியை மறந்து, தாமாகவே மேய்ந்து பெருகியவை. வந்தேறி மிருகம்தானே என்று வறட்சியில் தண்ணீரில்லாமல் விடலாமா? ஊருக்கு வரும்போது குறிகட்டுவானில் படகேறி ஒருதரம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச்செல்லுங்கள்.