பிரிட்டிஷ் பாராளுமன்றமும் அதன் காவற்பணியும்

பாராளுமன்ற ஆட்சிக்குத் தாயகம் எனப் பெயர் பெற்ற நாடு பிரிட்டன். அங்கே மக்கள் பிரதிநிதிகள் அரசாங்கத்தை எவ்வளவு திறம்படக் கண்காணிக்கிறார்கள், சட்டங்களை எவ்வளவு கவனத்துடன் இயற்றுகிறார்கள் என்பதை இன்று ஆராய்வோம். நமது ஆட்சிமுறை அந்நாட்டு முறையைப் பெரிதும் தழுவியதாதலின், அதன் நிறைகுறைகளை அறிவது நமக்கும் பயன் தரும்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பிரிட்டனில் அரசாங்கம் பாராளுமன்றத்துக்கு வெளியே நிற்பதன்று. காமன்ஸ் சபையின் பெரும்பான்மையைக் கொண்டே அது வாழ்கிறது. அப்பெரும்பான்மை உறுதியாக இருக்கும்வரை வாக்கெடுப்பில் அது தோற்பது அருமை. ஆகவே தோல்விகளை எண்ணிச் சபையின் வலிமையை அளத்தல் பொருந்தாது. அமைச்சரைக் காரணம் சொல்ல வைக்கும் ஆற்றல் எவ்வளவு, அதுவும் எந்த வேளையில் என்பதே சரியான அளவுகோல்.

சட்டம் இயற்றும் பணியை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு சபையிலும் மசோதாவுக்கு மூன்று வாசிப்புக்கள் உண்டு. முதலாவது வெறும் சடங்கு. இரண்டாவதில் அடிப்படைக் கொள்கை விவாதிக்கப்படும். அதன்பின் மசோதா பிரிவு பிரிவாக ஆராயப்படும். காமன்ஸ் சபையில் பெரும்பாலும் இவ்வேலையைச் செய்வது ஒரு தனிக் குழு. இக்குழுதான் முறையின் நலிந்த கண்ணி. அம்மசோதா ஒன்றுக்காகவே அது கூடுகிறது. வேலை முடிந்ததும் கலைகிறது. உறுப்பினர் தேர்வில் கட்சிக் கொறடாக்களின் கை ஓங்கியிருக்கும். எதிர்க்கட்சியின் திருத்தம் அங்கே ஏற்கப்படுவது அரிது. பிரபுக்கள் சபையில் 1999-க்குப் பின் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அதனால் அங்கே எழும் எதிர்ப்பைக் கருதி அரசாங்கம் தானே திருத்தம் கொண்டுவருவதுண்டு. ஆயினும் 1911, 1949-ஆம் ஆண்டுகளின் பாராளுமன்றச் சட்டங்களின்படி, அச்சபை பெரும்பாலான மசோதாக்களை ஏறத்தாழ ஓராண்டு தாமதப்படுத்தலாமேயன்றித் தடுத்துவிட முடியாது.

கண்காணிப்பில் நிலைமை மேலானது. புதன்கிழமைகளில் பிரதம மந்திரி அரைமணி நேரம் கேள்விகளுக்கு விடையளிப்பதை உலகம் அறியும். அதில் ஆரவாரம் மிகுதி, விளக்கம் குறைவு. உண்மையான வேலை குழு அறைகளில் நடக்கிறது. 1861-இல் கிளாட்ஸ்டன் முயற்சியால் தோன்றிய பொதுக்கணக்குக் குழு, செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினரே அதன் தலைவராவது மரபு. 1979-இல் இலாகாதோறும் நிலையான ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. 2010 முதல் அவற்றின் தலைவர்களைச் சபை உறுப்பினர்களே இரகசிய வாக்கினால் தேர்ந்தெடுத்து வருகின்றனர்.

இவ்விரு பணிகளுக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1948-இல் ‘விண்ட்ரஷ்’ என்ற கப்பலில் கரிபியன் தீவுகளிலிருந்து பலர் பிரிட்டனுக்கு வந்தனர். அவர்களும், 1970-களின் தொடக்கம் வரை தொடர்ந்து வந்தவர்களும் அக்கப்பலின் பெயராலேயே வழங்கப்பெறுகின்றனர். அங்கே வாழும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதைக் காட்டும் பத்திரம் பலரிடம் இல்லை. 2014-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, வீட்டுச் சொந்தக்காரர் குடிவருவோரின் பத்திரங்களைச் சோதிக்க வேண்டும் என விதித்தது. இத்தகைய கெடுபிடிகளால், பல்லாண்டுகள் உழைத்து வாழ்ந்தவர்கள் வேலையும் வீடும் இழந்தனர். சிலர் காவலில் வைக்கப்பட்டனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

2018 ஏப்ரல் 25-இல் காமன்ஸ் சபையின் உள்நாட்டு விவகாரக் குழு, உள்நாட்டு மந்திரி ஆம்பர் ரட்டை விசாரித்தது. நாட்டைவிட்டு அகற்றுவோர் தொகைக்கு இலக்கு ஏதும் உண்டா என்று வினவியது. இல்லை என்றார் மந்திரி. இலக்குகள் இருந்தமை விரைவில் வெளிப்பட்டது. 29-ஆம் நாள் அவர் பதவி துறந்தார். நேரான ஒரு கேள்வியின் வலிமை இது. ஆனால் 2014-இல் அச்சட்டத்தை நிறைவேற்றியதும் இதே பாராளுமன்றந்தான் என்பதை மறத்தல் ஆகாது. வீடிழந்தவனுக்கு, நான்காண்டு கழித்து எழுந்த கேள்வி மிகவும் பிந்தியதே.

சட்டத்தினும் குறைந்த கவனம் பெறுவன அதன்கீழ் எழும் விதிகள். சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் நாம் அன்றாடம் காண்பது இது: சட்டம் சில பக்கங்களில் அடங்கும், விதிகள் பன்மடங்கு நீளும், குடிமகனின் வாசற்படி ஏறி வருவன விதிகளே. பிரிட்டனில் அவற்றைச் சபை ஏற்கலாம், அல்லது தள்ளலாம். பொதுவாகத் திருத்த இயலாது. காமன்ஸ் சபை அவ்வாறு ஒன்றைத் தள்ளியது 1979-இல். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் அது நிகழவில்லை. கொரோனாத் தொற்றின்போது, இங்கிலாந்து மக்களை வீட்டிலேயே இருக்கப் பணித்த விதிகள் 2020 மார்ச் 26-இல் வெளியாகி அன்றே அமலுக்கு வந்தன. சபையோ முந்திய நாளே கலைந்து சென்றிருந்தது. காமன்ஸ் சபை அவற்றை விவாதித்தது மே 4-இல்தான். அவசரம் மெய்யே, எனினும் ஒரு நாட்டினரின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்திய ஆணைக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் விவாதமின்றிப் போயிற்று.

ஆகவே, நடந்ததைக் கேட்பதில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வல்லது. நடக்கப் போவதைத் தடுத்துக் கேட்பதில் தளர்ந்தது எனலாம். விஷயம் அறிந்த ஆய்வுக் குழு ஒருபுறமும், மசோதாவை ஆராயும் தற்காலிகக் குழு மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பது இதற்கு ஒரு காரணம். நமது பாராளுமன்றத்தில் 1993 முதல் இயங்கும் இலாகாவாரி நிலைக்குழுக்களிடம் மசோதாக்களையும் அனுப்ப வழியுண்டு. ஆனால் அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழி இருந்தும் அதில் நடவாதிருந்தால், பிரிட்டனின் குறையே நமது குறையுமாகும். சட்டம் குடிமகனின் வாசலை அடையுமுன் கேட்கப்படும் கேள்வியே அவனைக் காப்பது.