விண்ணப்பமே வினாத்தாள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், இறுதியாண்டு மாணவர்களும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரை)

என் வகுப்புத் தோழர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே!

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். ஹாஸ்டல் நாட்களைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் பின்வரிசைக்காகப் பேசப்போகிறேன். முப்பது வருடம் பணியாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இண்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். முன்வரிசை நண்பர்களும் காது கொடுக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடும்.

எங்கள் காலத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்ப டைப் அடிக்கணும், சான்றிதழ் நகலில் கெஸட்டட் ஆபீஸர் கையெழுத்து வாங்கணும், போஸ்டல் ஆர்டர் எடுக்கணும். மாதம் நான்கைந்து அனுப்பினாலே பெரிசு. இன்றைக்கு ஒரே ராத்திரியில் முப்பது இடத்துக்கு அனுப்பிவிடலாம். அனுப்புவது சுலபமானதால், நூறு அனுப்பியும் ஒரு பதில்கூட வராத வேதனை அதிகமாகிவிட்டது. "சார், என்கிட்ட ஏதோ குறை இருக்கு போல" என்று பிள்ளைகள் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது.

தம்பி, பதில் வராததற்கு ஆயிரம் காரணம் உண்டு. விளம்பரம் வந்த பிறகு அந்த இடத்தை உள்ளேயிருந்தே நிரப்பியிருப்பார்கள். பட்ஜெட் இல்லை என்று மேலிடம் நிறுத்தியிருக்கும். முதல் இருநூறு விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் திறக்காமலே விட்டிருப்பார்கள். கேட்ட தகுதிச் சொல் உங்கள் தாளில் இல்லை என்று கம்ப்யூட்டரே தள்ளியிருக்கும். இதில் எதுவும் உங்கள்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண்பது, நூறு அனுப்பிய பிறகு ஒரு இடத்திலிருந்து போன் வருகிறது: "வியாழக்கிழமை இண்டர்வியூ, வர முடியுமா?" பல பேர் அந்தப் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? "சார், எந்தக் கம்பெனி? எந்த போஸ்ட்டுக்கு சார்?" அனுப்பியது மறந்துபோச்சு. ஆகவே முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கம்பெனி, பதவி, விளம்பரத்தில் கேட்ட தகுதி, நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவின் நகல் எது என்று ஐந்து கட்டம் போடுங்கள். விளம்பரத்தையும் சேமித்து வையுங்கள். தேதி முடிந்ததும் அதை இணையத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மாங்காய்க்கு நூறு கல் எறிந்தாச்சு, ஒரு காய் விழுந்தாச்சு. அதை எடுக்கத் தெரிய வேண்டாமா?

அழைப்பு வந்ததும் பிள்ளைகள் 'நூறு கேள்விகளும் பதில்களும்' தேடி ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். உங்கள் வினாத்தாள் உங்களிடமே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விண்ணப்பம்தான் அது. மேஜையில் எங்கள் முன்னால் இருப்பதும் அந்த ஒரு தாள்தான். அதைப் பார்த்துத்தான் கேட்போம், வேறு எதைப் பார்த்துக் கேட்பது? ஐ.ஏ.எஸ். தேர்விலும் இதே கதைதான். எழுத்துத் தேர்வுக்கு 1,750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2,025 மதிப்பெண். அந்த நேர்முகத்தில், விண்ணப்பதாரர் தன் ஊர், படிப்பு, பொழுதுபோக்கு பற்றி எழுதிக்கொடுத்த விவரப் படிவம் குழுவின் கையில் இருக்கும். கேள்விகள் பலவும் அதிலிருந்தே கிளம்பும்.

எனவே அந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி நீங்களே எழுதுங்கள். 'புராஜெக்ட்' என்றால், அதில் நீ தனியாகச் செய்தது என்ன? 'ஹாபி: புத்தகம் வாசித்தல்' என்றால், கடைசியாக வாசித்தது எது, அதில் பிடிக்காதது என்ன? படிப்பில் ஒரு வருடம் இடைவெளி என்றால் ஏன்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அரியர் இருந்தது, எதுவானாலும் ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத வரி இருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒரு பையன், தாளில் பத்து சாஃப்ட்வேர் பெயர் எழுதியிருந்தான். ஜி.எஸ்.டி., டேலி எல்லாம் இருந்தது. "கிரெடிட் நோட் எப்போது போடுவீங்க?" என்று கேட்டோம். முழித்தான். நண்பனின் பயோடேட்டாவில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான் என்பது நாலாவது கேள்வியில் தெரிந்துவிட்டது. நல்ல மதிப்பெண் உள்ள பையன். தன் தாளே தெரியாமல் வந்ததால் போனான்.

அடுத்தது ஒரு பெண். தமிழ் வழியில் படித்தவள், வீட்டில் முதல் பட்டதாரி. 'அப்பாவின் மளிகைக் கடையில் மூன்று வருடம் கணக்கு பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். எங்கள் குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, "ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டை ஏழாயிரம் ரூபாய். கிலோ அடக்கவிலை என்ன?" என்றார். நூற்று நாற்பது என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள், "சார், வண்டிக்கூலி, இறக்குகூலி ஐம்பது ரூபாய் சேர்த்தா 7,050. சலிச்சா அரைக் கிலோ தூசி போகும். விக்கிறது 49½ கிலோதான். அப்போ கிலோ 142 ரூபாய் 42 காசு ஆகுது. நூத்தி நாப்பதுன்னு நினைச்சு வித்தா நஷ்டம்" என்றாள். நடுவில் ஆங்கிலம் தடுமாறியது. "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். காஸ்டிங் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. மளிகைக் கடையை எழுத வெட்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆகவே வீட்டு வேலை, வயல் வேலை, பகுதிநேர டெலிவரி வேலை என்று உண்மையாகச் செய்ததை எழுதுங்கள். அதில்தான் உங்களை யாரும் மடக்க முடியாது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள்.

ஒன்று, கம்பெனியைப் பற்றிப் படியுங்கள். என்ன தயாரிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், எங்கே ஆலை? பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியானால் ஆண்டறிக்கை அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். முதல் இருபது பக்கம் போதும்.

இரண்டு, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு ஒன்றரை நிமிடப் பதில். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் பத்தாது. வாய்விட்டு, வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்துச் சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கட்டும்.

மூன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சுற்றி வளைப்பவரை மேஜைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

நான்கு, ஒரிஜினல் சான்றிதழ், இரண்டு செட் ஜெராக்ஸ், முந்தின நாளே ஃபைலில். செல்போனில் இண்டர்வியூ என்றால் சார்ஜ், வெளிச்சம், சிக்னல் மூன்றையும் ஒரு மணி நேரம் முன்னால் பாருங்கள்.

ஐந்து, எந்தத் தேர்வுக்கு இண்டர்வியூ உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும் கெஸட்டட் அல்லாத குரூப் பி வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இண்டர்வியூவே கிடையாது. அதற்கு "இண்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன், பணம் கொடு" என்று எவனாவது வந்தால் அவன் ஏமாற்றுக்காரன். தனியார் வேலைக்கும் அப்படியே. டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நூறு விண்ணப்பம் போட்டுக் களைத்த குடும்பத்தைப் பார்த்துத்தான் இவர்கள் வலை போடுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பல தடவை தள்ளப்பட்டவர்கள் உள்ளே வரும்போதே, "எந்த வேலைன்னாலும் செய்றேன் சார்" என்பார்கள். அந்த வார்த்தை கேட்கப் பரிதாபமாக இருக்கும், ஆனால் வேலை வாங்கித் தராது. நூறு பேர் தாளை ஒதுக்கிவிட்டு உங்கள் தாளை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆள் தேவை. "இந்த வேலைக்கு எனக்கு இது தெரியும், இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.

முன்வரிசை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பேங்க், ரயில்வே, மில், சாஃப்ட்வேர், கல்வித்துறை என்று எல்லாத் துறையிலும் ஆள் இருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூன்று பேர் வந்து, இந்தப் பிள்ளைகளுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கேள்வி கேட்டால் போதும். அறக்கட்டளைக்கு நிதி தருவது நல்ல காரியம். இதற்கு நிதிகூட வேண்டாம், நேரம் கொடுத்தால் போதும். முதல்வர் அவர்கள் ஒரு அறை ஒதுக்கித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரைச் செயலாளர் எழுதிக்கொள்ளட்டும்.

தம்பி தங்கைகளே, வரும்போது விண்ணப்ப நகலோடு வாருங்கள். அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்கு நீங்கள் உறுப்பினராக, சந்தா கட்டிவிட்டு வர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.