இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் கடலை போடுகிறவர்களுக்குக் களைக்கூலி ஒரு பெரிய பாரம். பாரம்தான், ஆனால் அதை வெறும் செலவாக எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. களைக்கொட்டு பிடித்த பெண்களின் கையில் இருப்பது நாள் அறிந்து செய்யும் ஒரு கைத்தொழில். அந்த நாள் தவறினால், எவ்வளவு சுத்தமாகக் களை பறித்தாலும் போன விளைச்சல் திரும்பாது.

கடலைச் செடி முதல் மாதத்தில் மெல்லத்தான் வளரும். அதற்குள் சாரணை தரையோடு படர்ந்து பூத்துவிடும். மழையை நம்பிய கொல்லையில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உரத்தையும் முந்திக்கொள்வது அதுதான். கடலை இலை மூடி நிலத்துக்கு நிழல் கட்ட ஏறக்குறைய 45 நாள் ஆகும், போட்டியெல்லாம் அதற்குள்தான். அதனால்தான் 20ஆம் நாள் ஒரு களை, 40ஆம் நாள் ஒரு களை என்று வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. இரண்டாம் களையின் அருமை தனி. பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். களை கொத்தி, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, தூரில் மண் அணைத்தால் விழுதுக்குப் பொலபொலப்பான மண் கிடைக்கிறது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. சத்துக் குறைந்தால் பொக்குதான் மிஞ்சும். இதையே பத்து இருபது நாள் தள்ளிச் செய்தால், களையோடு மண்ணில் இறங்கிய விழுதும் பிடுங்கிக்கொண்டு வரும். உளுந்தில் அவகாசம் இன்னும் குறைவு. வம்பன் ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8 போன்ற ரகங்களுக்கு ஆயுளே 65, 70 நாள். மூன்று வாரம் களைக்கு விட்டால் பயிரின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

ஆள் கிடைக்காத காலத்தில் களைக்கொல்லி அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விதைத்த மூன்று நாளுக்குள், ஈர மண்ணில் பெண்டிமெத்தலின் தெளித்தால் முதல் களைக்கூலி மிச்சமாகும். ஆனால் காய்ந்த செம்மண்ணில் அது சரியாக வேலை செய்யாது. கோரையை அது அடக்குவதுமில்லை. எந்த மருந்தும் மண் அணைக்காது. ஆகவே மருந்து அடித்தவரும் 40ஆம் நாள் கைக்களையை விடமுடியாது. கோரை எத்தனை முறை கொத்தினாலும் முளைக்கிறதே என்பதும் உண்மை. மேலே அரிந்தால் அது துளிர்க்கத்தான் செய்யும். அடியில் மணி கோத்ததுபோல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கருத்த கிழங்குகள் ஓடுகின்றன. கோடை உழவில் அவற்றைப் புரட்டி வெயிலில் காயப்போட வேண்டும்.

பண்ணைக்கீரையும் சாரணையும் சாப்பாட்டுக்கு ஆகுமே, ஏன் பகையாகப் பார்க்க வேண்டும் என்பாரும் உண்டு. பகை வேண்டாம். 20ஆம் நாள் பறிக்கும்போதுதான் அவை இளசாக இருக்கின்றன. அன்று மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் குழம்புக்கு ஆகும், கொல்லையில் விதையும் விழாது.