நாற்பது வயதில் லொறி ஏறுகிறவர்களுக்கு

(மலையகத்திலிருந்து வந்து திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தொழில் செய்வோருக்காகச் சங்கம் சீனன்குடாவில் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போகும் முன் நமது லயங்களில் ரொட்டி சுடுகிறோம். அந்த மா எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறோமா? பல வீடுகளில் அது இந்தச் சீனன்குடா மாதான். கோதுமை கப்பலில் வந்து இங்குள்ள பிரிமா ஆலையில் அரைபடுகிறது. மூடைகளில் கொஞ்சம் ரயிலில் போகிறது; மீதி லொறியில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று மலை ஏறுகிறது. சீமெந்தும் இந்தப் பக்கத்திலிருந்து லொறியில்தான் போகிறது. மலையிலிருந்து கோவா, கரட், லீக்ஸ் தம்புள்ளைச் சந்தைக்கு இறங்குகிறது. ஆக, கடலையும் மலையையும் இணைப்பது லொறியும் அதை ஓட்டுகிறவனும்தான்.

இந்தப் பாதைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. தலைமன்னாரில் இறங்கிய நமது முன்னோர் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து, மாத்தளை வந்து, பிறகுதான் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, நம்மில் பலர் அந்தத் தார் ரோட்டில் கால் வைத்தோம். பக்கத்தால் மா லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அவற்றில் சிலவற்றை ஓட்டியவர்கள் நமது பிள்ளைகள்தான். அன்று நடந்து ஏறிய மலையிலிருந்து இன்று பலர் வேலை தேடி இறங்கி வருகிறார்கள்.

ஏன் இறங்குகிறார்கள் என்று இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது. 2024இல் 1350 ஆனது. இரண்டுக்கும் எத்தனை வருடம் போராடினோம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் சம்பளம் கூடிய அளவுக்குப் பேர் கிடைக்கவில்லை. கொழுந்து நிறை காணவில்லை என்று அரைப்பேர் போடுகிறார்கள். இளைஞர்கள் கொழும்புக்குப் போனார்கள். இப்போது அவர்களுடைய அப்பாமாரும் போகிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதில் மலையில் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு, ‘லொறி பழகப் போகிறேன்’ என்கிறார்கள்.

போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாற்பதில் புதிய தொழில் பழகுவது குற்றமில்லை, வெட்கமும் இல்லை. தொழிலை மாற்றுங்கள், தொழிலாளியின் உரிமையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள் என்று சொல்லத்தான் வந்தோம்.

ஓர் அண்ணனின் கதை

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், அவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். 21 வருடம் செக்ரோலில் பெயர் இருந்தவர். ஆயிரம் ரூபாச் சம்பளம் வந்த அடுத்த வருடம், துரையோடு ஒரு வாய்ச்சண்டை. அடுத்த நாள் விடியற்காலை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். இராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை, கணக்கு முடிக்கவில்லை. சங்கத்திற்குக்கூடச் சொல்லவில்லை.

இங்கே வந்து கிளீனரானார். கயிறு கட்ட, படங்கு மூட, டயர் மாற்றப் பழகினார். முன்பே எடுத்துவைத்திருந்த இலகு வாகன அனுமதிப்பத்திரம் இருந்ததால், பிறகு கனரகத்துக்கும் சித்தியடைந்தார். ஒரு முதலாளி லொறியைக் கொடுத்தார். நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. ‘நீயும் ஒரு பங்காளி மாதிரித்தானே’ என்றாராம் முதலாளி. அண்ணனுக்கும் அது பெருமையாக இருந்தது.

ஒரு நாள் மழை நேரம், சுமைக்கு மேல் ஏறிப் படங்கு இழுத்துக் கட்டும்போது கயிறு வழுக்கிக் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வாகனக் கூலி கொடுத்த முதலாளி, அடுத்த கிழமையே வேறு ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். ‘இவர் என்னிடம் வேலை செய்தவரே இல்லை’ என்றும் சொன்னார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். கேட்டில் தருகிற துண்டு, சுமை இறக்கிய இடத்தில் கையெழுத்து வாங்கிய பில் பிரதி எல்லாவற்றையும் மகளின் பழைய கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்தார். லொறி இலக்கம், திகதி, இவருடைய பெயர் அதில் இருந்தன. அந்தக் கொப்பியோடுதான் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு மனுப் போட்டோம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்கிறது அது. வழக்கு இழுபட்டு, கடைசியில் சமரசமாக ஒரு தொகை கிடைத்தது. அவர் பட்ட நட்டத்துக்கு அது போதாது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. 21 வருடத் தோட்டச் சேவை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். 21 வருடத்துக்கு 294 நாட் சம்பளம். ஆயிரம் ரூபாப்படி பார்த்தால் 294,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம். ‘சொல்லாமல் ஓடிப்போனவர்’ என்று நிர்வாகம் கைவிரித்தது. தொழில் காரியாலயம் வரை போய், நடையாய் நடந்துதான் வாங்கினோம். ஒரு தாள் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது.

மலை இறங்கும் முன்

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை.

முதலாவது, இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுங்கள். பிரதியில் தோட்டக் காரியாலயத்தின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். கோபத்தில் பஸ் ஏறாதீர்கள்.

இரண்டாவது, பெயர். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். நமது மக்களுக்கு இது பழைய நோய். லெச்சுமி ஒரு தாளில் லட்சுமி ஆகிறாள்; அப்பாவின் பெயர் இடம் மாறி நிற்கிறது. இந்தப் பிழை அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் இடறும், சேமலாப நிதி எடுக்கும்போதும் இடறும். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சேமலாப நிதி அங்கத்தவர் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டாலும் அந்தப் பணம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம்.

நான்காவது, லயன் அறை. வீட்டில் இன்னொருவருடைய பெயர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலைவரோடு கதைத்துவிட்டுப் புறப்படுங்கள். அப்பா இங்கே லொறியில் இருக்கும்போது, அங்கே அம்மாவும் பிள்ளைகளும் அறைக்காகச் சண்டை பிடிக்கக் கூடாது.

அனுமதிப்பத்திரம்

எடுத்த எடுப்பில் கனரக அனுமதிப்பத்திரம் கிடைக்காது. முதலில் இலகு வாகனம். 2 வருடம் போன பிறகுதான் கனரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கொள்கலன் இழுக்கும் நீண்ட வண்டிக்கு அதற்கும் மேலே தனி வகுப்பு இருக்கிறது. ஆகவே 40இல் தொடங்குகிறவர் 43இல் பெரிய லொறி ஓட்டுவார் என்று கணக்குப் போடுங்கள். இந்த வருடங்களில் கிளீனராகவோ சின்ன லொறி ஓட்டியோ வீட்டைக் கொண்டு நடத்த வேண்டும். இதை மனைவியோடு உட்கார்ந்து பேசாமல் ஆரம்பிக்காதீர்கள். நகையை அடகு வைத்தோ, நுண்கடன் எடுத்தோ பழகப் போகாதீர்கள். அந்தக் கடனைத் தவணைக்குத் தவணை கட்டப்போவது கொழுந்து எடுக்கும் அக்காதான்.

எழுத்துப் பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். 40 கேள்விகள், 30 சரியாக இருந்தால் போதும். நமது பாடசாலையில் இரவு எட்டு மணிக்கு வீதிச் சின்னங்களைச் சுவரில் ஒட்டி வைத்துப் படிப்பித்தோம். தகப்பன்மார் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தார்கள். பகலில் அதே வாங்கில் இருக்கும் பிள்ளை, அப்பாவுக்கு வீட்டில் பாடம் கேட்டுக் கொடுத்தது. எந்தத் தோட்டத்திலும் இதைச் செய்யலாம்.

மருத்துவச் சான்றிதழை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். நாற்பதுக்கு மேல் கண், சீனி, பிரஷர் மூன்றையும் உண்மையாகப் பாருங்கள். கனரக அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சீனியை மறைத்து ஓட்டுகிறவர் தன் உயிரோடு ரோட்டில் போகிறவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

ரோட்டில்

இங்கே இருக்கும் பழைய சாரதிமார் எங்களுக்குச் சொல்லித் தந்ததைத் திருப்பிச் சொல்கிறோம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை ரோட்டுக்கு வரும். லைட்டை நம்பி விரட்டாதே. நித்திரை வந்தால் ஓரம் கட்டு. முதலாளி போனில் கத்தினாலும் பரவாயில்லை.

நித்திரையில் ஓட்டும் நிலை ஏன் வருகிறது? நடைக்கணக்குதான் காரணம். நடை கூடினால்தான் காசு. துறைமுகக் கேட்டிலும் ஆலை வாசலிலும் வரிசையில் காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. காத்திருந்து இழந்த நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறோம். மலையில் கிலோக் கணக்குக்காக ஓடிய ஓட்டம்தான் இது. அங்கே தராசு நம்மைத் துரத்தியது, இங்கே மணிக்கூடு துரத்துகிறது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு என்று ஒரு சம்பளச் சபை இருக்கிறது. நடைக்கணக்கோ நாட்கணக்கோ, வேலை தொடங்கிய நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும்: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். ‘பங்காளி’ என்று முதலாளி சொன்னால், இலாபத்திலும் பங்கு உண்டா என்று கேளுங்கள். பாரம் கூட ஏற்றச் சொன்னால் மறுங்கள். பொலிசில் பிடிபட்டால் அனுமதிப்பத்திரம் உங்களுடையது. ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, லொறி இலக்கம், ஏற்றிய இடம், இறக்கிய இடம், கிடைத்த காசு. அந்த அண்ணனின் கொப்பியை மறக்காதீர்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

நமது பக்கத்திலும் குறை இருக்கிறது. செக்ரோலில் பெயர் வெட்டுப்பட்டதும் சந்தா நின்றுவிடுகிறது. சந்தா நின்றதும் நாமும் அந்தத் தொழிலாளியை மறந்துவிடுகிறோம். 1977லும் 1983லும் அடிபட்டு மலையை விட்டு வந்து, வன்னியிலும் இந்த மாவட்டத்திலும் குடியேறிய நமது சனம், சங்கம் தங்களைத் தேடி வரவில்லை என்று இன்றும் சொல்கிறது. அது நியாயமான குறை. அந்தப் பிழையை இரண்டாம் தடவை செய்யக் கூடாது.

எனவே மூன்று கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்தவரின் அங்கத்துவம் இங்கேயும் தொடர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இங்கே ஓர் ஆள் உட்கார வேண்டும். தோட்டத்துப் பாடசாலைகளில் அனுமதிப்பத்திர வகுப்பை அந்தந்தத் தோட்டக் கமிட்டி பொறுப்பெடுக்க வேண்டும். அந்த வகுப்பில் பெண்களுக்கும் வாங்கு ஒதுக்குங்கள். சட்டத்தில் அவர்களுக்குத் தடை இல்லை, நமது வாயில்தான் தடை இருக்கிறது.

அண்ணன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். திரும்பவும் லொறி ஏறியிருக்கிறார். இந்த முறை நியமனக் கடிதம் வாங்கிய பிறகுதான் சாவியைத் தொட்டார். கூட்டம் முடிந்ததும் மா ஏற்றிக்கொண்டு நமது மலைப் பக்கம்தான் போகிறார். அவரிடம் கேளுங்கள், கொப்பியைக் காட்டுவார்.